குழியில் இறங்கும் முன்: கட்டுமானப் பாதுகாப்பு அலுவலர் உருவாகும் விதம்

கட்டுமான இடத்தில் வேலை செய்பவர் எவரும் உயிரையோ உறுப்பையோ உடல்நலத்தையோ இழக்காமல் மாலையில் வீடு திரும்ப ஏற்பாடு செய்வது பாதுகாப்பு அலுவலரின் பணி. தளத்தில் அவரை ‘சேஃப்டி ஆபீசர்’ என்றே அழைப்பார்கள். இந்தியச் சட்டத்தில் அவருக்குத் தெளிவான இடம் கிடைத்தது 1996-இல். அந்த ஆண்டின் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கச் சொன்னது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, கட்டுமானத்துக்கு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது.

யார் இந்தப் பணிக்கு வரலாம் என்பதை 1998-இல் வெளிவந்த மத்திய விதிகள் வகுத்தன. பொறியியல், தொழில்நுட்பம், கட்டடக்கலை ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்று, கட்டுமான மேற்பார்வையில் 2 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். டிப்ளமோ படித்தவர் என்றால் 5 ஆண்டு அனுபவம். அதன்மேல், கட்டுமானப் பாதுகாப்பை ஒரு பாடமாகக் கொண்ட தொழிற்பாதுகாப்புப் படிப்பு. மூன்றாவது தகுதி, தளத்தில் பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழியைப் போதிய அளவு அறிந்திருப்பது. முதல் இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு, சரிபார்க்க ஆளும் உண்டு. மூன்றாவதை நேர்காணலில் யாரும் கேட்பதில்லை. கேரள, தமிழ்நாட்டு எல்லையில் ஒரு புதிய அலுவலரைப் பயிற்றுவிக்கும்போது கடைசியில் எல்லாம் வந்து நிற்பது அந்த மூன்றாவது தகுதியில்தான்.

நெய்யாறு அணைக்கட்டு நிற்கும் கள்ளிக்காட்டிலிருந்து வெள்ளறடை, குன்னத்துகால் வழியாகப் பாறசாலைக்கும், அங்கிருந்து காரோடு வரைக்கும் போனால் ஒரே நாளில் எல்லா வகைக் கட்டுமானத்தையும் பார்க்கலாம். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து எழும் வீடுகள், ரப்பர் தோட்டத்தின் நடுவே கிணறு, கருங்கல் குவாரி. தெற்கே கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையில் முக்கோலையிலிருந்து காரோடு வரையிலான ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை. மேற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்தில், 2015 டிசம்பரில் பணி தொடங்கி 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம். வேலையாட்களும் அப்படித்தான் பலதரப்பட்டவர்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்திலிருந்து காலையில் பேருந்தேறி வரும் தமிழ்க் கொத்தனார்களும் கையாட்களும், மலையாளம் பேசும் மேஸ்திரிகள், ‘மைக்காடு’ எனப்படும் எடுபிடி வேலைக்கு வரும் பெண்கள், வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள்.

இவற்றில் துறைமுகத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டுமே சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருப்பார். வீடு கட்டும் இடத்தில் ஆறு பேரோ எட்டுப் பேரோ வேலை செய்வார்கள். 250 என்ற எண் அங்கே எட்டிப் பார்க்காது. ஆனால் பெரிய தளத்தில் இருக்கும் அதே மண்ணும் மழையும் உயரமும் மின்சாரமும் சிறிய தளத்திலும் இருக்கின்றன. அதனால் இந்தப் பகுதியில் பயிற்சி பெறுபவர், பெரிய தளத்தில் சம்பளம் வாங்கினாலும், சிறிய தளத்தில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதையும் படித்தாக வேண்டும்.

படிப்பதற்கு இடங்கள் உண்டு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பையில் மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை, கொல்கத்தா, கான்பூர், ஃபரிதாபாத் உள்ளிட்ட நகரங்களில் மண்டல நிறுவனங்களும் இயங்குகின்றன. தமிழ்நாட்டினரும் கேரளத்தினரும் நாடுவது சென்னை தரமணியில் உள்ள மண்டல நிறுவனத்தை. அங்கே வழங்கப்படும் ஓராண்டுத் தொழிற்பாதுகாப்பு மேல்நிலை டிப்ளமோவுக்கு நாடு முழுவதும் மதிப்பு இருக்கிறது. இதைத் தவிர, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ என்று பலகை மாட்டிய தனியார் நிலையங்கள் சில மாதங்களில் சான்றிதழ் தருகின்றன. வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் பிரிட்டனின் நெபோஷ் தேர்வும் எழுதுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழை இந்திய விதிகள் அலுவலர் பதவிக்கு ஏற்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள் தளத்து வாசலில் தலைக்கவசம் எண்ணும் உதவியாளராகவே காலம் தள்ளுவதற்கு இந்தக் கேள்வியைக் கேட்காததும் ஒரு காரணம்.

வகுப்பறையில் முதலில் கற்பிக்கப்படுவது ஒரு வரிசை. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா? முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த முறைக்கு மாற முடியுமா? அதுவும் முடியாவிட்டால் மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு வைக்க முடியுமா? அதன் பிறகே வேலைமுறை விதிகளும் எச்சரிக்கைப் பலகைகளும். தலைக்கவசமும் கையுறையும் பாதுகாப்புப் பட்டையும் வரிசையின் கடைசியில் வரும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள், ஏனென்றால் கவசம் கண்ணுக்குத் தெரியும், ஒளிப்படத்திலும் விழும். நல்ல பயிற்சியாளர் முதல் மாதம் புதியவரிடம் படிவம் எதையும் கொடுக்கமாட்டார். காலையில் ஒரு முறை, உச்சிப்பொழுதில் ஒரு முறை, வேலை முடியும் நேரத்தில் ஒரு முறை தளத்தைச் சுற்றிவரச் சொல்வார். அதே இடம் அந்த மூன்று வேளையிலும் வேறு வேறு ஆபத்தைக் காட்டும்.

மண்ணைப் படிப்பது

இந்தப் பகுதியில் முதல் பாடமாக மண்ணே இருக்க வேண்டும். 2023 ஜூலை 8 அன்று விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில், ஏறத்தாழ 90 அடி ஆழமுள்ள ஒரு வீட்டுக் கிணற்றில் உறைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. மண் சரிந்தது. உள்ளே இருந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் அடியில் புதைந்தார். தீயணைப்புப் படையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் கிணறு வெட்டிப் பழகிய தொழிலாளர்களும் இரவும் பகலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் மறுபடி இறங்கியது, ஊற்றுநீரும் சேர்ந்தது. மூன்றாம் நாள் அவருடைய உடலைத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

புதிய அலுவலருக்கு இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதில் எல்லாம் இருக்கிறது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மழையில் ஊறினால் இரண்டு டன்னை நெருங்கும். நெஞ்சளவு புதைந்தவருக்கு முகம் வெளியே இருந்தாலும் மூச்சு முட்டும், விலா எலும்புகள் விரிய இடம் இருக்காது. ஜூலை மாதம் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலம். பக்கவாட்டு மண் ஏற்கெனவே நனைந்து கனத்திருக்கும் நேரத்தில் பழைய உறையை அசைத்தால், அதுவரை அந்த மண்ணைத் தாங்கி நின்ற ஒரே தடுப்பு விலகிவிடுகிறது. எத்தனை திறமையான மீட்புப் படையாலும் மண்சரிவை வெல்வது கடினம். கிணற்றுக்குள் இறங்குவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் உயிர் காக்கப்படுகிறது.

தென் திருவனந்தபுரத்தின் வெட்டுக்கல் நிலம் ஏமாற்றக்கூடியது. கோடையில் செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். ‘இது உறைந்த மண், ஒன்றும் ஆகாது’ என்று அனுபவசாலி மேஸ்திரியும் சொல்வார். கோடையில் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் வெட்டுக்கல் அடுக்குக்குக் கீழே பல இடங்களில் வெளிர்நிறக் களிமண் படிந்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் மழைநீர் அந்தக் களிமண்ணில் தேங்கி அதை வழுக்கலாக்கும்போது, மேலே உள்ள கல்லடுக்கு அப்படியே சறுக்கிக்கொண்டு வரும். தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் தொடங்கும் துலாவர்ஷம் என இரண்டு மழையும் முழுதாகப் பெறும் நிலம் இது. வீட்டு மனைக்காக மலைச்சரிவை வெட்டும் வேலை ஜூனிலும் அக்டோபரிலும் நடந்தால், தினமும் காலையில் வெட்டுமுகத்தின் உச்சியை ஏறிப் பார்ப்பது அலுவலரின் கடமை. விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல், சாய்ந்த மரம், நேற்று வரை இல்லாத ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கீழே ஆள் இறங்கக்கூடாது.

விதி எளிமையானது. அகழ்வு வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3764, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியின் பக்கங்களைத் தாங்கு கொடுத்து நிறுத்தச் சொல்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள், பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்டவும் வழி தருகின்றன. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியோ, குழி ஆழத்தின் பாதி தூரம் தள்ளியோ, எது அதிகமோ அந்த அளவுக்குத் தள்ளிக் கொட்டச் சொல்கின்றன. ஏணி குழியின் விளிம்புக்கு மேல் 90 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இந்த எண்களை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஐந்து சென்ட் நிலத்தில் மண் கொட்ட இடமே இல்லாதபோது என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி தேவை. லாரியை முன்கூட்டியே வரவழைத்து மண்ணை அப்போதைக்கப்போது அகற்றும்படி வேலையின் வரிசையையே மாற்றக் கற்றவர் தேறியவர்.

கிணற்றில் மண் மட்டுமே எதிரி என்று நினைக்கவும் கூடாது. நாள்பட மூடிக்கிடந்த கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் உயிர்வாயு குறைந்திருக்கும். விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் இறங்கக்கூடாது என்பது உண்மை, ஆனால் சுடர் எரிகிறது என்பதால் காற்று நல்லது என்று ஆகிவிடாது. நச்சு வாயுவுக்கும் எரியும் வாயுவுக்கும் அந்தச் சோதனை உதவாது, சில வேளை தீயையே மூட்டிவிடும். வாயு அளக்கும் கருவி, காற்றை உள்ளே தள்ளும் ஊதுகருவி, மேலிருந்து இழுக்கக் கயிறு, மேலே ஓர் ஆள். இவை இருந்தால்தான் அனுமதி. முதலில் மயங்கியவரைக் காப்பாற்ற ஓடி இறங்கும் தம்பியோ நண்பரோ இரண்டாவதாகச் சாகும் கொடுமை மறுபடி மறுபடி நடக்கிறது. அவர்களைத் தடுத்து நிறுத்தும் உறுதியைப் பயிற்சியிலேயே ஒத்திகை பார்த்து வளர்க்க வேண்டும்.

உயரமும் கூரையும்

உயரத்திலிருந்து விழுவதே உலகெங்கும் கட்டுமானத்தில் உயிரிழப்புக்குப் பெரிய காரணம். எல்லைக் கிராமங்களில் சாரம் இன்னும் கமுகு, மூங்கில், கயிறு ஆகியவற்றால் கட்டப்படுகிறது. பெரிய தளங்களில் இரும்புக் குழாய். எதுவாயினும் பார்க்க வேண்டியவை ஒன்றே: கால் எதன்மேல் நிற்கிறது, சுவரோடு எங்கே பிணைத்திருக்கிறது, நிற்கும் பலகை முழு அகலத்துக்கும் இருக்கிறதா, கைப்பிடித் தடுப்பு உண்டா. 3.6 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்தில் 90 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வேண்டும் என்கின்றன பொதுப்பணித் துறை விதிகள். மழை பெய்த மறுநாள் கயிற்று முடிச்சுகளைத் தொட்டுப் பார்க்காமல் யாரையும் ஏற்றக்கூடாது.

பாதுகாப்புப் பட்டையைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கையை ஒரு சிறு கணக்கால் களையலாம். பட்டையோடு இணைந்த கயிறு ஏறத்தாழ 1.8 மீட்டர். விழும் வேகத்தை உறிஞ்சும் பகுதி கிழிந்து விரிய ஒரு மீட்டருக்கு மேல். அதற்குக் கீழே தொங்கும் உடல் ஒன்றரை மீட்டருக்கு மேல். அதன்பிறகு ஒரு மீட்டராவது இடைவெளி. கால் மட்டத்தில் கொக்கி மாட்டினால் நீளம் இன்னும் கூடும். ஆக, ஆறு மீட்டருக்குக் குறைந்த உயரத்தில் இத்தகைய பட்டையை அணிந்து விழுபவர், கயிறு இறுகும் முன்பே தரையில் மோதக்கூடும். ஒற்றை மாடி வீட்டில் பட்டையைவிடக் கைப்பிடித் தடுப்பும் முழுப்பலகையும் உயிர் காக்கும். பட்டையில் தொங்குபவரையும் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். கால்களில் தேங்கும் ரத்தம் அவரை மயக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய்விடும். யார், எந்த ஏணியால் இறக்குவது என்று காலையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

கூரை வார்க்கும் நாள் தளத்தின் திருநாள். சொந்தக்காரர்கள் வருவார்கள், சாப்பாடு நடக்கும், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையை 12 சென்டிமீட்டர் கனத்தில் வார்த்தால் 11 கனமீட்டர் கான்கிரீட், கம்பியோடு சேர்த்து ஏறத்தாழ 27 டன். இறுகும் வரை அத்தனை எடையையும் ஏந்துவது கீழே நிற்கும் முட்டுகள். நிரப்பிய மண்மேல் செங்கல் துண்டை வைத்து அதன்மேல் முட்டு கொடுத்திருந்தால், மிக்சர் வந்து நின்ற பிறகு அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. முந்தைய நாள் மாலையே ஒவ்வொரு முட்டின் அடியையும் குனிந்து பார்க்க வேண்டும். பிரிக்கும் நாளுக்கும் கணக்கு உண்டு: சாதாரண சிமெண்டுக்கு, நாலரை மீட்டர் வரை நீளமான கூரைக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. அடுத்த வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று ஒப்பந்ததாரர் அவசரப்படும்போது இந்த எண்ணைச் சொல்ல ஆள் தேவை.

மின்சாரம் பற்றிப் பாடம் சிறியது, பிசகினால் இழப்பு பெரியது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி தளத்து மின்பெட்டியில் இருக்க வேண்டும். நீளக் கம்பியையும் அலுமினிய ஏணியையும் தூக்கிச் செல்லும் வழியில் மேலே மின்கம்பி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மலையடிவாரமான இப்பகுதியில் துலாவர்ஷ மாதங்களிலும் கோடை மழையிலும் பிற்பகல் இடி கடுமையானது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனம் தேவை என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. முழக்கம் கேட்டதும் மாடியிலும் சாரத்திலும் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும்.

தளத்து வேலியோடு அலுவலரின் பொறுப்பு முடிவதில்லை. 2024 மார்ச்சில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிச் சென்ற டிப்பர் லாரியிலிருந்து விழுந்த கல், சாலையில் இருசக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. சுமை எந்த அளவு, பின்கதவு பூட்டியிருக்கிறதா, தார்ப்பாய் போட்டிருக்கிறதா, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்று குவாரி வாசலிலேயே கேட்க வேண்டியதும் இந்தப் பணியின் பகுதி.

உடல்நலம் என்ற பாதி

பதவியின் பெயரில் பாதுகாப்பு மட்டும் இருப்பதால் நோயை மறந்துவிடுகிறார்கள். விழுந்தவர் அன்றே கணக்கில் வருவார். கல் வெட்டும் தூசியை இருபது ஆண்டு சுவாசித்தவர் எந்தக் கணக்கிலும் வராமல் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டே சாவார். கருங்கல், டைல்ஸ், கான்கிரீட் ஆகியவற்றை உலர்ந்த நிலையில் வெட்டும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தழும்பை உண்டாக்குகிறது. அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. வெட்டும் இடத்தில் நீர் விழும்படி ஒரு குழாய் பொருத்தினால் தூசி பெருமளவு அடங்கும். துணியை முகத்தில் கட்டுவதால் அந்தத் தூசி நிற்காது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதில் முழங்காலிட்டு வேலை செய்தவருக்குப் புண் சில மணி நேரம் கழித்தே தெரியும். ரப்பர் காலணியும், உடனே கழுவ ஓடும் நீரும் அதற்கு மாற்று.

கேரளத்தில் கோடை தொடங்கியதும் தொழிலாளர் ஆணையர் ஆண்டுதோறும் உத்தரவு வெளியிடுகிறார்: வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வு; காலை 7 முதல் மாலை 7 வரைக்குள் எட்டு மணி நேரமே வேலை. உத்தரவைப் பலகையில் ஒட்டுவது எளிது. வெப்பத்தால் விழுபவர்களில் பலர் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்பதை அறிந்து, முதல் நாள் அவர்களுக்கு வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து நாளுக்கு நாள் கூட்டுவது பயிற்சியால் வருவது. இன்னொன்றை ஆண் அலுவலர்கள் எளிதில் கவனிப்பதில்லை. கழிப்பறை இல்லாத தளத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அங்கே வெப்ப மயக்கத்தைத் தடுக்கும் முதல் கருவி, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கேரளச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு பேசி அதைத் தளத்துக்கு வரவழைப்பதும், லிஃப்ட் குழியிலும் கான்கிரீட் நனைக்கக் கட்டிய பாத்தியிலும் டெங்குக் கொசு பெருகாமல் பார்ப்பதும் வாராந்தர வேலைகள். பிற மாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017-இல் தொடங்கிய ‘ஆவாஸ்’ காப்பீட்டில் அவர்களைப் பதிவு செய்ய உதவுவதும் அவற்றோடு சேரும்.

காலைப் பத்து நிமிடம்

வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டிப் பேசும் வழக்கத்துக்கு ‘டூல் பாக்ஸ் டாக்’ என்று பெயர். புதிய அலுவலரின் தரம் இந்தப் பத்து நிமிடத்தில் வெளிப்படும். ‘எல்லோரும் கவனமாக வேலை செய்யுங்கள்’ என்பது பேச்சே அல்ல. ‘நேற்று ராத்திரி மழையில் வடக்குச் சுவருக்குப் பின்னால் மண் விரிந்திருக்கு. லாரி அந்தப் பக்கம் வரக்கூடாது, குழிக்குள் ரெண்டு பேருக்கு மேல் இறங்கவேண்டாம், அண்ணன் விசில் அடிச்சா எல்லாத்தையும் போட்டுட்டு தெக்குப் பக்கம் ஏறிடுங்க’ என்பது பேச்சு. இதைத் தமிழில் சொன்னால் மார்த்தாண்டத்துக்காரருக்குப் புரியும், மலையாள மேஸ்திரிக்கும் பெரும்பாலும் புரியும். வங்காளத்து மால்டாவிலிருந்து நேற்று வந்த இளைஞர் தலையாட்டுவார், அவருக்குப் புரிந்திருக்காது. தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. அவரையே எழுந்து எந்தப் பக்கம் ஏறுவார் என்று காட்டச் சொல்ல வேண்டும்.

இதற்காக அலுவலர் ஐந்து மொழி படிக்க வேண்டியதில்லை. ‘நில்’, ‘ஏறு’, ‘விலகு’, ‘கைவைக்காதே’, ‘மூச்சு முட்டுகிறதா’ போன்ற முப்பது நாற்பது சொற்களைத் தளத்தில் பேசப்படும் எல்லா மொழியிலும் தெரிந்துகொள்வது ஒரு மாத வேலை. ஒவ்வொரு மொழிக் குழுவிலும் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேர்ந்து கைசைகைகளைப் பொதுவாக்கலாம். ‘பாய்’ என்று மொத்தமாக அழைக்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தால், சாரத்தில் முடிச்சு தளர்ந்திருப்பதை முதலில் பார்க்கும் அந்த இளைஞர் அதை வந்து சொல்வார். கேரள எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்ற பெயரில் 2017 முதல் பிற மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்துவருகிறது. பெரிய தளங்கள் அதைத் தங்கள் வளாகத்துக்கே அழைக்கலாம்.

சிங்கப்பூரில் இது சட்டத்தின் கட்டாயமாகவே ஆகிவிட்டது. அங்கே கட்டுமானத் தொழிலாளி தளத்தில் கால்வைக்கும் முன் பாதுகாப்பு அறிமுக வகுப்பில் தேற வேண்டும். அது தமிழிலும் வங்காளத்திலும் நடக்கிறது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே சுரங்க ரயில் பாதைக்கான அகழ்வு இடிந்து நால்வர் இறந்தபின் அந்நாடு தன் சட்டத்தைத் திருத்தி எழுதி, 2006-இல் பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்து திரும்பிய குமரி மாவட்டத்து ஆட்கள் பலர் இந்த வகுப்பைத் தமிழில் கேட்டவர்கள். ஊர்த் தளத்தில் அவர்களே புதிய அலுவலருக்கு நல்ல துணை.

நிறுத்தும் அதிகாரம்

கற்றதெல்லாம் ஒரு நொடியில் சோதிக்கப்படும்: ‘வேலையை நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய நொடி. மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு நாள் வாடகை போகும், ஐம்பது வயது மேஸ்திரி இருபத்தைந்து வயதுப் பையனைப் பார்த்துச் சிரிப்பார். இதை முன்னுணர்ந்தே 1998 விதிகள் இரண்டு பாதுகாப்புகளைத் தந்தன. தலைமைப் பாதுகாப்பு அலுவலர் நேரடியாக நிறுவனத்தின் உயர் நிர்வாகியின் கீழ் இயங்க வேண்டும். பாதுகாப்புக்குத் தொடர்பற்ற அல்லது அதற்கு ஊறு செய்கிற வேறு எந்த வேலையையும் அவரிடம் கொடுக்கக்கூடாது. நடைமுறையில் அவரைச் சரக்குக் கணக்கெழுதவும் வருகைப் பதிவேடு பார்க்கவும் அனுப்புவது சாதாரணம். நியமன ஆணையிலேயே இந்த இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்குவதைப் பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. கூச்சல் போட்டு நிறுத்தினால் அன்று நிற்கும், நாளை ஒளிந்து நடக்கும். என்ன ஆபத்து, எதைச் சரிசெய்தால் மறுபடி தொடங்கலாம், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்பவரை மேஸ்திரி எதிர்ப்பது குறைவு. அகழ்வு, உயரம், மூடிய இடம், தீப்பொறி வரும் வேலை, மின் இணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அனுமதிச் சீட்டு முறை இருந்தால் சண்டைக்கே இடம் குறையும். தொடங்கும் முன்பே பேசித் தீர்ந்துவிடும்.

அடிபடாமல் தப்பிய சம்பவங்களைக் கேட்டு எழுதுவது அடுத்த பழக்கம். விழுந்த செங்கல் யார் தலையிலும் படவில்லை என்றால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே செங்கல் அதே இடத்திலிருந்து மறுபடி விழும். சொன்னவருக்குக் கூலி வெட்டினால் அதன்பிறகு ஒருவரும் சொல்லமாட்டார்கள். விபத்து நடந்துவிட்டால், ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று அறிக்கையை முடிப்பது எளிது. ஏன் அந்தத் திறப்பு மூடப்படவில்லை, மூட யாருக்குச் சொல்லப்பட்டது, பலகை ஏன் வரவில்லை என்று குறைந்தது நான்கைந்து ‘ஏன்’ கேட்டு முடிக்கும் அறிக்கையையே பயிற்சியாளர் ஏற்க வேண்டும்.

இனி மீதம் இருப்பது அந்த 250-க்குக் கீழ்ப்பட்ட தளங்கள். சுவீடன் 1974 முதல் வட்டாரப் பாதுகாப்புப் பிரதிநிதிகளை வைத்திருக்கிறது. தொழிற்சங்கம் நியமிக்கும் அவர்கள் பாதுகாப்புக் குழு இல்லாத சிறிய பணியிடங்களுக்கு மாறி மாறிப் போகிறார்கள். இந்தியாவில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலத்துக்கான தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. கேரளத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், வீட்டு அனுமதி வழங்கும் ஊராட்சியும், அதில் பொறியாளரும் இருக்கிறார்கள். கள்ளிக்காடு, வெள்ளறடை, குன்னத்துகால், பாறசாலை போன்ற நான்கைந்து ஊராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்சி பெற்ற அலுவலரை வைத்தால், கிணற்று வேலை, மலைவெட்டு, கூரை வார்ப்பு ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது முந்தைய நாள் ஒருவர் வந்து பார்க்க முடியும். ஓராண்டுப் படிப்பும் பெரிய தளத்தில் ஓராண்டு நடையும் முடித்த, எல்லையின் இரு பக்கப் பேச்சும் தெரிந்த ஓர் இளைஞரால் இதைச் செய்ய முடியும். மாதச் சம்பளமும் ஒரு இருசக்கர வண்டியும் வாயு அளக்கும் கருவி ஒன்றும் அதற்கான செலவு.